பூட்டி வைப்பதா, வெளியேற்றுவதா? டேனரித் தண்ணீர் பாய்ந்த கழனிக்கு நுண்ணுயிர் வழிகள்

பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகிற பஸ் மலையேறுவதற்கு முன்னால் வரும் கடைத்தெருவில் எனக்கு ஓர் உரக்கடை. மேலே ஆந்திரக் கிராமங்களிலிருந்து தக்காளிக்காரர்கள் இறங்கி வருவார்கள். கீழே பாலாற்றுப் பக்கத்திலிருந்து கழனிக்காரர்கள் ஏறி வருவார்கள். போன தை மாதம் ஓர் அண்ணனும் தம்பியும் வந்தார்கள். இரண்டு ஏக்கர் நிலம். ஒரு காலத்தில் டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலையின் கழிவு ஓடை அதன் வழியாகத்தான் போனது. நைனா காலத்திலேயே விளைச்சல் நின்று முள்செடி ஏறிவிட்டது. இப்போது மறுபடி பயிர் வைக்க ஆசை.

"மண்ணுல இருக்கிற குரோமியத்தைத் தின்னுடற பாக்கெட் வந்திருக்குதாமே, அதைக் குடுண்ணா" என்றார் தம்பி.

"அதெல்லாம் வேணாம். ரெண்டு போகம் தண்ணி கட்டி நெல்லு வெச்சா மண்ணு தானா கழுவிக்கும்" என்றார் அண்ணன்.

"அப்ப கடுகு? உறிஞ்சி எடுத்துடும்னு யூடியூபுல போட்டிருக்கான்."

பாக்கெட் அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் வியாபாரம் முடிந்திருக்கும். கொடுக்கவில்லை. அதே கேள்வியோடு வருகிறவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது இருப்பதால், அன்று அவர்களிடம் சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

## தின்னாது, உடுப்பை மாற்றும்

பூச்சிமருந்தோ டீசலோ மண்ணில் கொட்டினால் நுண்ணுயிர்கள் உண்மையிலேயே தின்று தீர்க்கும். அவை கார்பனால் ஆனவை. உடைத்தால் கடைசியில் தண்ணீரும் கரியமில வாயுவுமாகப் போய்விடும். குரோமியம், காரீயம், காட்மியம் அப்படியல்ல. அவை தனிமங்கள். எந்தப் பாக்டீரியாவாலும் ஒரு கிராம் குரோமியத்தை இல்லாமல் செய்ய முடியாது. அதன் வடிவத்தை மட்டும் மாற்றலாம். மாற்றுகிற வடிவத்தைப் பொறுத்து அது தண்ணீரோடு ஓடும், அல்லது மண்ணோடு ஒட்டி உட்காரும்.

சில வருஷம் முன்பு ஒரு பயிற்சியில் இதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு பாட்டிலில் மஞ்சள் நிறக் குரோமேட் தண்ணீர். ஒன்றில் ஒரு கரண்டி சாணிக்கரைசல், கொஞ்சம் வெல்லம், ஒரு பிடி தோட்டத்து மண். இன்னொன்றில் எதுவும் இல்லை. மூடி வைத்துவிட்டுப் போனோம். நாலாம் நாள் வந்து பார்த்தால் வெறும் பாட்டில் அதே மஞ்சள். சாணிப் பாட்டிலில் தண்ணீரின் மஞ்சள் போய், அடியில் பச்சை கலந்த சாம்பல் சேறு படிந்திருந்தது. குரோமியம் எங்கும் போகவில்லை, அந்தச் சேற்றில்தான் இருந்தது. மஞ்சள் தண்ணீரில் ஆறு இணைதிறன் குரோமியமாக இருந்தது, சேற்றில் மூன்று இணைதிறன் குரோமியமாகிவிட்டது. இனி ஆறு, மூன்று என்று நான் சொல்வது இந்த இரண்டு வடிவங்களைத்தான்.

தோல் பதனிடப் பயன்படுத்துவது மூன்று இணைதிறன் உப்புதான். அது நேர்மின் சுமை கொண்டது. களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும், நம் பக்கத்துக் காரமண்ணில் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். ஆறு இணைதிறன் வடிவம் எதிர்மின் சுமை கொண்ட குரோமேட். களிமண்ணும் எதிர்மின் சுமைதான், அதனால் மண் அதைப் பிடிக்காது. மழையோடு இறங்கிக் கிணற்றுக்குப் போகும். உருவத்தில் சல்பேட்டைப் போலவே இருப்பதால், வேர் சல்பேட்டை உள்ளே விடும் வாசல் வழியாகவே இதுவும் நுழைந்துவிடும். புற்றுநோயோடு தொடர்புடையதும் இந்த ஆறு இணைதிறன் வடிவம்தான். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலைக் கழிவின் சிக்கல் இந்த வகை. பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2006-இல் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

ஆகவே எந்தப் பாக்கெட் என்ற கேள்வி அப்புறம்தான் வரும். அதற்கு முன் உலோகம் உங்கள் மண்ணிலேயே அசையாமல் கிடக்கட்டுமா, வெளியே போகட்டுமா என்று முடிவாக வேண்டும். இந்த இரண்டுக்கும் வேண்டிய நுண்ணுயிர்கள் நேர் எதிரானவை. ஒரே கழனியில் இரண்டையும் செய்தால் ஒன்று கட்டியதை இன்னொன்று அவிழ்க்கும்.

## எதை வைத்து எடை போடுவது

எந்த உலோகம், எந்த வடிவத்தில். 2015-இல் வந்த மண்வள அட்டையில் பன்னிரண்டு அளவுகள் இருக்கும். குரோமியம், காரீயம், காட்மியம் மூன்றும் அதில் கிடையாது. "அட்டையில நல்லாத்தான் போட்டிருக்கான்" என்று நீட்டுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன். மொத்த அளவோடு, தண்ணீரில் கரையும் அளவையும், ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தனியாகவும் கேட்டு வாங்க வேண்டும். இதற்கு மண்ணை நிழலில் உலர்த்திக் கொடுக்கக் கூடாது. காயும்போதே வடிவம் மாறும். ஈர மண்ணாகப் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுங்கள்.

உப்பும் காரமும். டேனரித் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் பயிர் கருகுவதற்குப் பாதிக் காரணம் குரோமியமே அல்ல, உப்பு. தோலை அழுகாமல் வைக்கப் போடும் சாதா உப்புதான் அது. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் ஏறிக் கிடந்தால் பெரும்பாலான நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யாது.

நிலம் நனைந்தே இருக்குமா, காய்ந்து காய்ந்து நனையுமா. இது தனியாகப் பேச வேண்டியது; கீழே அட்டவணை இருக்கிறது.

கிணறு. எவ்வளவு ஆழத்தில் தண்ணீர், அந்தத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. காரீயத்துக்கு 0.01, காட்மியத்துக்கு 0.003.

பயிரில் எந்தப் பகுதி வாய்க்குப் போகிறது. கீரையும் கிழங்கும் ஒரு வகை, தானியம் ஒரு வகை, கட்டை விறகு ஒரு வகை. மாடு மேய்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது பாலாக வீட்டுக்குத் திரும்பி வரும்.

நிலம் யாருடையது, எத்தனை வருஷத்துக்கு. மூன்று வருஷக் குத்தகைக்கு எடுத்தவர் இருபது வருஷ வேலையைத் தொடங்க மாட்டார்.

## தண்ணீர் கட்டினால் எது ஓடும், எது உட்காரும்

கழனியில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று தீர்ந்துபோகும். காற்றில்லாத இடத்தில் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் எழுந்து வரும். சில இரும்புத் துருவைக் கரைக்கும், சில சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும். நாற்றங்காலில் கால் வைக்கும்போது கிளம்பும் அழுகின முட்டை வாசனை இரண்டாவது கூட்டத்தின் வேலை. மேலே பழுப்பு, விரல் தோண்டினால் கறுப்பு என்று சேறு இருந்தால் அவை நன்றாக இயங்குகின்றன என்று அர்த்தம்.

| உலோகம் | தண்ணீர் நின்ற மண்ணில் | காய்ந்த மண்ணில் |
|---|---|---|
| குரோமியம் | ஆறு மூன்றாகும். அசையாது | மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் கொஞ்சம் மறுபடி ஆறாகும் |
| காட்மியம் | சல்பைடாகப் பூட்டப்படும் | கரைந்து பயிருக்கு ஏறும் |
| காரீயம் | சல்பைடாகும். நகராது | பெரும்பாலும் நகராது. அமிலம் பட்டால் கரையும் |
| ஆர்செனிக் | இரும்புத் துரு கரையும்போது விடுபட்டு நெல்லுக்குப் போகும் | துருவில் ஒட்டிக் கிடக்கும் |
| பாதரசம் | சில பாக்டீரியாக்கள் மெத்தில் பாதரசமாக்கும். மிகக் கொடியது | அந்த மாற்றம் குறைவு |

காட்மியம் வரியையும் ஆர்செனிக் வரியையும் ஒருமுறை சேர்த்துப் படியுங்கள். ஒரே மடை, ஒரே தண்ணீர். ஒன்றுக்குப் பூட்டு, இன்னொன்றுக்குச் சாவி. வங்காளத்தில் நெல்லில் ஆர்செனிக் ஏறுவதற்கும் ஜப்பானில் காட்மியத்தைக் கட்டுப்படுத்துவதற்கும் பின்னால் இருப்பது இந்த ஒரே நுண்ணுயிர் வேதியியல்தான். எந்த உலோகம் என்று தெரியாமல் "நெல்லு வெச்சா சரியாகிடும்" என்பது இதனால்தான் ஆபத்து.

## வழி ஒன்று: எருவைக் கொட்டி, இருக்கிற நுண்ணுயிருக்குத் தீனி போடுவது

என் கணக்கில் குரோமியக் கழனிக்கு இதுதான் முதல் வழி. புது நுண்ணுயிரைக் கொண்டு வரத் தேவையில்லை. டேனரித் தண்ணீரில் பல வருஷம் ஊறிய மண்ணில் குரோமியத்தைத் தாங்குகிற, ஆறை மூன்றாக்கத் தெரிந்த பாசில்லஸ், சூடோமோனாஸ் வகைகள் ஏற்கெனவே குடியிருக்கும். அவற்றுக்கு இல்லாதது சாப்பாடு. ஏக்கருக்கு ஐந்து டன் மக்கிய எரு என்பது வழக்கமான பரிந்துரை. இந்த நிலத்துக்கு அதற்குக் குறைந்து போடுவதில் பிரயோஜனம் இல்லை. எரு மக்கி மிஞ்சும் மட்கு என்ற கறுப்புப் பொருளும் தன் பங்குக்கு உலோகத்தைப் பிடித்து வைக்கும்.

உப்பு நிலத்துக்கு ஜிப்சம் போடச் சொல்வார்கள். இங்கே அதற்கு இன்னொரு பலனும் உண்டு. ஜிப்சத்தில் இருக்கும் சல்பேட், வேரின் வாசலில் குரோமேட்டோடு முண்டியடித்து அதன் நுழைவைக் குறைக்கும். சுண்ணாம்பு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். காட்மியம், காரீயம், நிக்கல் போன்றவற்றைச் சுண்ணாம்பு அடக்கும். ஆறு இணைதிறன் குரோமியமோ காரத்தில் இன்னும் தாராளமாக நகரும். நம் பக்கத்து மண் ஏற்கெனவே காரம்.

மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலாவது, எருவே அழுக்காக இருக்கலாம். நகரக் கம்போஸ்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் கிலோவுக்குக் குரோமியம் 50 மில்லிகிராம், காரீயம் 100, காட்மியம் 5 என்று உச்சவரம்பு உண்டு. மூட்டையோடு பரிசோதனைச் சான்று கேளுங்கள். "டேனரி சேறு நல்ல எருங்க, சும்மாவே தர்றாங்க" என்று டிராக்டர் வந்து நின்றால் திருப்பி அனுப்புங்கள். இரண்டாவது, எரு மக்கித் தீரும். தீர்ந்த பிறகு மண்ணில் இருக்கும் மாங்கனீசு ஆக்சைடு, மூன்று இணைதிறன் குரோமியத்தில் ஒரு சிறு பங்கை மறுபடி ஆறு இணைதிறனாக்கும். அந்த ஆக்சைடை உண்டாக்குவதும் ஒரு வகைப் பாக்டீரியாதான்! அதனால் எரு வருஷா வருஷம் போட வேண்டிய வாடகை. மூன்றாவது, எருவிலிருந்து கரையும் மட்கு அமிலங்கள் சில உலோகங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழே இறங்கும். தாமிரமும் நிக்கலும் இருக்கிற நிலத்தில், தண்ணீர் மேலாக நிற்கும் கிணற்றுக்குப் பக்கத்தில் இதைக் கவனிக்க வேண்டும்.

மலைக்கு மேலே ஆந்திரக் கிராமங்களில் இயற்கை விவசாயத் திட்டம் வந்த பிறகு ஜீவாமிர்த டிரம் இல்லாத வீடு குறைவு. "அதையே ஊத்தினா போதாதா" என்கிறார்கள். வேலை செய்யும் விதம் அதே பாட்டில்தான்: சாணி, வெல்லம், ஒரு பிடி மண். ஆனால் அளவைப் பாருங்கள். ஏக்கருக்கு இரண்டு கிலோ வெல்லம் என்பது அந்த மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு வேளைப் பலகாரம். எருவோடு சேர்த்து ஊற்றுங்கள், எருவுக்குப் பதிலாக வேண்டாம்.

## வழி இரண்டு: பாக்கெட் நுண்ணுயிர்

நான் விற்கிற பொருளைப் பற்றி நானே சொல்கிறேன். உயிர் உரத்தின் தூள் வடிவத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிரணு இருக்க வேண்டும் என்பது சட்டத் தரம். ஏக்கருக்கு 200 கிராம் பாக்கெட் நாலு போட்டால் 4,000 கோடி. பெரிய எண்ணாகத் தெரியும். ஒரு ஏக்கரின் அரையடி மேல்மண் எட்டு, ஒன்பது லட்சம் கிலோ. ஒரு கிராம் மண்ணில் 10 கோடி பாக்டீரியா என்று குறைத்துக் கணக்கிட்டாலும், நீங்கள் போட்டது இருபது லட்சத்துக்கு ஒன்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மூன்றும் சேர்ந்து 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். அதைப் போல் எட்டு மடங்குக் கூட்டத்துக்குள் பஸ்ஸை விட்டு இறங்கிய ஒரே ஒரு வெளியூர் ஆள் உங்கள் பாக்கெட். அவருக்குச் சாப்பாடும் இடமும் இல்லையென்றால் ஒரு வாரம்கூடத் தங்க மாட்டார்.

இதைவிட முக்கியமான விஷயம், எந்தப் பாக்கெட் என்பது. பாஸ்போபாக்டீரியா மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸைக் கரைக்க அமிலம் சுரக்கும். அந்த அமிலத்துக்கு மணிச்சத்து எது, காட்மியம் எது என்று வித்தியாசம் தெரியாது. காட்மியமும் துத்தநாகமும் கூடவே கரையலாம். அதே பாஸ்போபாக்டீரியா காரீய மண்ணில் நல்லது செய்யும்: விடுபட்ட பாஸ்பேட் காரீயத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத கனிமமாகப் படிந்துவிடும். பழைய பேட்டரி உருக்கிய இடத்துக்குப் பக்கத்து நிலத்தில் இதை நான் யோசிப்பேன். சூடோமோனாஸ் இரும்பைப் பிடிக்கச் சுரக்கும் சிடரோஃபோர் என்ற பொருளும் இப்படித்தான், இரும்போடு மற்ற உலோகங்களையும் பிடித்து இழுக்கும்.

இந்த வித்தியாசம் தெரியாத காலத்தில் நானே எல்லாருக்கும் "எல்லாத்தையும் ஒரு கலவையாப் போடுங்க" என்று நாலு வகைப் பாக்கெட்டையும் கட்டிக் கொடுத்திருக்கிறேன். யாருடைய கிணற்றில் அது என்ன செய்தது என்று திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது சோதனைச் சீட்டு இல்லாமல் வருகிறவர்களுக்கு இந்தக் காரணத்துக்காகப் பாக்கெட் கொடுப்பதில்லை.

பாக்கெட் சரியான தேர்வாவது உப்புத் தாங்கும் வகையாக இருந்து, எருவில் கலந்து ஒரு வாரம் பெருக்கி, குறிப்பிட்ட ஓர் உலோகத்துக்காகப் போடும்போது. காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலில் அடுக்கி வைத்த கடையில் வாங்காதீர்கள்.

## வழி மூன்று: தண்ணீர் கட்டி நெல்

அண்ணன் சொன்னது முழுக்கத் தப்பில்லை. குரோமியத்தையும் காட்மியத்தையும் நின்ற தண்ணீர் நன்றாகவே பூட்டும். ஆனால் மண் "கழுவிக்கொள்வது" இல்லை. தண்ணீர் நிற்கும் வரை பூட்டிக்கொள்கிறது. தண்ணீரை வடித்ததும் காற்று உள்ளே போகும், கந்தகத்தைத் தின்னும் பாக்டீரியா சல்பைடை ஆக்சிகரிக்கும், அமிலம் பிறக்கும், காட்மியம் விடுபடும். கதிர் முற்றும் நேரத்தில் வடித்தால் அது நேராகத் தானியத்துக்கு ஏறும். ஜப்பானில் காட்மியம் கலந்த கழனிகளில் கதிர் வெளிவருவதற்கு முன் மூன்று வாரமும் பின் மூன்று வாரமும் தண்ணீரைத் தேக்கி வைக்கச் சொல்வது இதற்காக.

இங்கேதான் ஒரு முரண். தண்ணீர் மிச்சமாக வேண்டும் என்று நாம் எல்லாருக்கும் திருந்திய நெல் சாகுபடியைச் சொல்கிறோம்: காயவிட்டு, நனைத்து, மறுபடி காயவிட்டு. சுத்தமான நிலத்துக்கு நல்ல முறை. காட்மியம் இருக்கிற நிலத்தில் ஒவ்வொரு முறை காயவிடுவதும் பூட்டைத் திறக்கிற கை.

மறைந்த செலவு நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், தண்ணீர். பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, இங்கே 222 ஓடுகிறது என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். பெரும்பாலான மாதம் ஓடுவது மணல் லாரி. கிணற்றுத் தண்ணீரைக் கட்டினால் அதே உப்பும் அதே குரோமியமும் மறுபடி மேலே வரும். ஏரிப்பாசனம் உறுதியாக இருக்கிற, தாழ்ந்த, களிமண் கழனிக்கு மட்டும் இந்த வழி. ஆர்செனிக்கோ பாதரசமோ இருந்தால் கூடவே கூடாது.

## வழி நான்கு: மரமும் வேர்ப்பூஞ்சையும்

வேம் என்று கடைகளில் கேட்கிற மைக்கோரைசா வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை. அதன் நூல்கள் உலோகத்தைத் தம் சுவரில் பிடித்துக்கொண்டு, செடியின் மேல்பகுதிக்குப் போகாமல் தடுக்கும். அவை சுரக்கும் பிசின் மண்ணைக் கட்டியாக்கும், புழுதி பறப்பது குறையும். சவுக்கு, புங்கம், வேம்பு, ஓரத்தில் வெட்டிவேர் என்று வைத்தால் உலோகம் வேர்ப்பகுதியிலேயே நிற்கும். மரம் தண்ணீரை இழுப்பதால் கிணற்றுக்கு இறங்குவதும் குறையும்.

சோறு போடாது என்பதுதான் வெளிப்படையான குறை. மறைந்த குறை விறகில் இருக்கிறது. மரத்தை வெட்டி எரித்தால் சாம்பலில் உலோகம் செறிவாகும். சாம்பல் காரமானது, அந்தச் சூட்டில் மூன்று இணைதிறன் குரோமியம் ஆறாக மாறும். அதை எடுத்துக் கீரைப்பாத்தியில் தூவினால் முதலுக்கே மோசம். தோல் துண்டை அடுப்பெரிக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். மரத்தைக் கம்பாக, பலகையாக விற்கலாம், சாம்பலாக்க வேண்டாம்.

அதிக அளவு மாசு, குடிநீர்க் கிணறு பக்கத்தில், நிலம் சொந்தம், உடனே வருமானம் தேவையில்லை என்றால் என் ஓட்டு இதற்கு.

## வழி ஐந்து: உறிஞ்சும் பயிர்

தம்பி பார்த்த வீடியோவில் பொய் இல்லை, விடுபட்ட கணக்குதான் உண்டு. கடுகும் சூரியகாந்தியும் உலோகத்தை எடுக்கும். வேர் அருகே சிடரோஃபோர் சுரக்கும் பாக்டீரியா அதைக் கரைத்துக் கொடுக்கும். ஆர்செனிக்கை உறிஞ்சும் ஒரு பெரணியை 2001-இல் கண்டறிந்து உலகமே பேசியது. குரோமியத்துக்கு அப்படிப்பட்ட பயிர் கையில் இல்லை. எடுத்ததில் பெரும்பகுதியை வேரிலேயே வைத்துக்கொள்ளும், இலைக்கு அனுப்பாது.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். கிலோவுக்கு 100 மில்லிகிராம் குரோமியம் கூடுதலாக இருக்கிற ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். மேல்மண் எட்டரை லட்சம் கிலோ. கூடுதல் குரோமியம் 85 கிலோ. காய்ந்த எடையில் நாலு டன் கடுகுச்செடி விளைந்து, அதன் தண்டிலும் இலையிலும் தாராளமாகக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஏறினாலும் வெளியே போவது 400 கிராம். இருநூறு அறுவடைக்கு மேல் வேண்டும். தம்பி மொபைலில் வகுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

அறுத்த செடியை எங்கே போடுவது என்பது அடுத்த கேள்வி. மாட்டுக்குப் போடக் கூடாது, எருக்குழியில் போட்டால் சுற்றி வரும், எரித்தால் சாம்பல் கதை. கரைத்துவிட்ட உலோகத்தைச் செடி எடுப்பதற்குள் ஒரு கோடைமழை வந்தால் அது கிணற்றுக்குள். காட்மியம், நிக்கல், துத்தநாகம் லேசாக ஏறிய, தண்ணீர் ஆழத்தில் இருக்கிற, பொறுமைக்காரர் நிலத்துக்கு மட்டும் பொருந்தும்.

மேல்மண்ணை அள்ளி மாற்றுவதைப் பற்றியும் கேட்பார்கள். ஜப்பானின் தோயாமாவில் எலும்பு நொறுங்கும் இதாய்-இதாய் நோய்க்குக் காரணமான காட்மியக் கழனிகளில் அதைத்தான் செய்தார்கள். 1979-இல் தொடங்கி 2012-இல் முடிந்தது. அரசாங்கம் செய்கிற வேலை அது. தனியாள் அள்ளினால் அந்த மண்ணைக் கும்மிடிப்பூண்டி மாதிரி அபாயக் கழிவு மையத்துக்குத்தான் கொண்டுபோக முடியும். அடுத்தவன் பள்ளத்தில் கொட்டுவது தீர்வில்லை.

## எந்த நிலத்துக்கு எதைச் சொல்வேன்

ஆறு இணைதிறன் குரோமியம் சோதனையில் தெரிந்தால்: எரு முதலில், கிணற்றுத் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது அதற்கும் முதலில். மொத்தக் குரோமியம் அதிகம், ஆறு இல்லை என்றால் மண்ணைக் கிளறாமல், வருஷா வருஷம் எருவோடு, கீரை கிழங்கு தவிர்த்துப் பயிர் வைக்கலாம். விளைந்ததை ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் வீட்டுக்கு. காட்மியம் என்றால் தண்ணீர் உறுதியாக இருந்தால் நெல், இல்லாவிட்டால் எருவும் மரமும். காரீயம் என்றால் பாஸ்போபாக்டீரியா, மூடுபயிர். குழந்தைகள் அந்தப் புழுதியில் விளையாடாமல் பார்ப்பது இரண்டையும்விட முக்கியம்.

சோதனைச் சீட்டுகளைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். வேலூர் மாவட்ட டேனரிகள் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று சொன்னது. நாளைக்கு நஷ்டஈடு என்று ஒரு பேச்சு வந்தால் கையில் காகிதம் இருப்பவர்தான் பேச முடியும்.

அண்ணன் தம்பி இருவரும் மண்ணையும் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுத்தார்கள். மேல் ஏக்கரில் மொத்தக் குரோமியம் மட்டும், ஆறு இணைதிறன் இல்லை. ஓடையை ஒட்டிய கீழ் ஏக்கரில் ஆறு இணைதிறனும் இருந்தது, உப்பும் ஏறியிருந்தது. கீழ்ப்பக்கம் எருவும் ஜிப்சமும் போட்டுச் சவுக்கும் புங்கமும் வைத்திருக்கிறார்கள். கன்றுக் குழியில் வேம். மேல்பக்கம் எரு ஏழு டிராக்டர் இறங்கிவிட்டது, ஆடியில் கேழ்வரகு போடுவதாக இருக்கிறார்கள். கிணற்று மோட்டாரிலிருந்து வீட்டுக்குப் போன குழாயைத் தம்பியே அறுத்துவிட்டார். அண்ணனுக்கு இன்னும் நெல் ஆசை விடவில்லை. "ஐப்பசியில ஏரி நெம்பினா?" என்று போன வாரமும் கேட்டார். காட்மியம் சீட்டு இன்னும் வரவில்லை என்றேன்.